பாட்டி வீட்டுக்கு வந்த சக்கரவர்த்திகள்

உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் சண்டை சச்சரவு இருக்காது என்பது பெரியவர்கள் போடும் பழைய கணக்கு. விக்டோரியா மகாராணியும் அவருடைய வீட்டுக்காரர் ஆல்பர்ட்டும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். போடாமல் எப்படி இருப்பார்கள்? ஆல்பர்ட் விக்டோரியாவுக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். பிறந்தது ஒன்பது பிள்ளைகள். முடிந்தவரை ஒவ்வொன்றையும் பெரிய இடமாகப் பார்த்துத் தள்ளிவிட்டால் ஐரோப்பா முழுக்க ஒரே குடும்பம். சம்பந்தி வீட்டுக்கு யார் பீரங்கியை இழுத்துக்கொண்டு வரப்போகிறார்கள் என்பது ஆல்பர்ட்டின் யோசனை. நல்ல மனிதர், படித்தவர். 1861 டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சம்பந்திகளும் மாப்பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கோடை விடுமுறைக்கு மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியபோது நடந்த கூத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

முதலில் கட்டிக்கொடுத்தது மூத்த மகள் விக்கியை. 1858-இல், 17 வயதில், பிரஷ்ய இளவரசர் பிரெடெரிக்குக்கு. மாப்பிள்ளை தங்கம். வாக்கப்பட்ட வீடுதான் சரியில்லை. பெர்லினில் புதுத் தம்பதிக்கு ஒதுக்கிய பழைய அரண்மனையில் குளியலறை கிடையாது. குளிர் எலும்பைத் துளைக்கும். முன்னாள் ராஜா ஒருவர் உயிரை விட்ட படுக்கையறையைத் துளிகூட மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார்கள். இவர்கள் புழங்கும் வழி அதற்குள்ளேதான். ராத்திரியில் அந்தப் பெண் என்ன செய்யும்? அம்மாவுக்குக் கடிதம் எழுதும். வாழ்நாள் முழுக்க எழுதினாள். அம்மாவும் விடவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரக்கணக்கில் போகிறது கணக்கு. புகுந்த வீட்டில் விக்கி வாய் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: எங்க வீட்டுல இப்படி இல்லை. குளிக்கிற அறையில் தொடங்கிப் பார்லிமெண்ட் வரைக்கும் எதை எடுத்தாலும் இங்கிலாந்தில்தான் ஒழுங்கு. கொஞ்ச காலத்தில் பெர்லினில் அவளுக்கு ‘அந்த இங்கிலீஷ்காரி’ என்றே பெயர் விழுந்தது. வெளிநாட்டில் குடித்தனம் நடத்தும் பெண்கள் எல்லாரும் விக்கியின் கட்சியாகத்தான் இருப்பார்கள். அவளுடைய மாமியாரைக் கேட்டால் வேறு கதை வரும்.

1859 ஜனவரியில் தலைப்பிள்ளை. சிக்கலான பிரசவம், குழந்தை பிழைத்தது, இடது கை விளங்காமல் போனது. வளர்ந்த பிறகும் அந்தக் கை மற்றதைவிட அரை அடி குட்டை. வைத்தியர்கள் சும்மா இருப்பார்களா? மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். அப்போதுதான் வெட்டிய காட்டுமுயலின் உடம்புக்குள் கையை நுழைத்துக் கட்டினார்கள். முயலின் சூடும் வேகமும் கைக்கு ஏறுமாம். ஏறவில்லை. இந்தப் பிள்ளைதான் பிற்காலத்து ஜெர்மன் சக்கரவர்த்தி, கைசர் இரண்டாம் வில்ஹெல்ம். வீட்டுக்குள் வில்லி.

வில்லிக்கு நாலு வயதில் தாய்மாமன் கல்யாணம் வந்தது. விக்கியின் அடுத்த தம்பி, இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் எட்வர்டு, குடும்பத்தாருக்கு பெர்ட்டி. 1863 மார்ச் 10, விண்ட்சர் கோட்டைத் தேவாலயம். வில்லிக்கு ஸ்காட்லாந்துப் பாவாடை கட்டி, இடுப்பில் ஒரு குட்டிக் குறுவாளையும் செருகி அழகு பார்த்திருந்தார்கள். பையனைப் பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு தாய்மாமன்கள்: 12 வயது ஆர்தர், 9 வயது லியோபோல்டு. அவர்களும் அதே பாவாடையில். மந்திரம் ஓதிக்கொண்டிருந்தபோது வில்லி குறுவாள் பிடியில் பதித்திருந்த கல்லைப் பெயர்த்துத் தேவாலயத்தின் குறுக்கே விட்டெறிந்தான். மாமன்கள் அடக்கப் பார்த்தார்கள். குனிந்தான். வெறுங்கால்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆளுக்கு ஒரு கடி. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டிய வயசு அது.

மணப்பெண் அலெக்ஸாண்ட்ரா டென்மார்க்குக்காரி. பெண் பார்த்துப் பேசி முடித்ததே நாத்தனார் விக்கிதான். பேரழகி. வீட்டில்தான் காசில்லை. அப்பா கிறிஸ்டியன் ராணுவச் சம்பளத்தில் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். கோபன்ஹேகனில் மஞ்சள் மாளிகை என்ற பெயரில் ஒரு வீடு; பெயரில் மட்டும்தான் மாளிகை. பெண்கள் தங்கள் உடுப்பைத் தாங்களே தைத்துக்கொள்வார்கள். அந்தக் குடும்பத்துக்கு 1863-இல் சுக்கிரன் உச்சத்தில் இருந்திருக்கவேண்டும். மார்ச்சில் மகள் இங்கிலாந்துக்கு மருமகள். அதே மாதம், 17 வயதுப் பையன் வில்லியமை (வீட்டுக்கு வீடு ஒரு வில்லி இருந்ததுதான் இந்தக் கதையின் பெரிய இம்சை) கிரேக்கர்கள் தங்கள் ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுத்த ரொட்டியைச் சுற்றியிருந்த செய்தித்தாளில்தான் பையன் அந்தச் சேதியைப் படித்தான் என்று ஒரு கதை உண்டு. நவம்பரில் கிறிஸ்டியனே டென்மார்க்கின் ராஜா. ஒரே வருஷத்தில் மூன்று லாட்டரி.

அடுத்த வருஷமே இடி விழுந்தது. 1864-இல் பிரஷ்யா ஆஸ்திரியாவைக் கூட்டிக்கொண்டு டென்மார்க்கின் மேல் பாய்ந்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் இரண்டையும் பிடுங்கிக்கொண்டது. இதை உறவுமுறையில் சொன்னால்தான் முழு விபரீதமும் தெரியும்: பெண் பார்த்துக்கொடுத்த நாத்தனாரின் மாமனார், அந்தப் பெண்ணின் அப்பா வீட்டு நிலத்தை அடித்துப் பறித்துவிட்டார். லண்டனில் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் டென்மார்க் மருமகள் கண்ணைக் கசக்குகிறாள், இன்னொரு பக்கம் ஜெர்மன் பிள்ளைப்பாசத்தில் மகாராணி. கடைசியில் இந்த வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று மகாராணி உத்தரவு போட்டதாகச் சொல்வார்கள். ஆல்பர்ட்டின் கணக்கு, அவர் கண்ணை மூடி மூன்று வருஷத்துக்குள், இந்த நிலைமையில் இருந்தது.

அலெக்ஸாண்ட்ராவின் தங்கை டாக்மர். இவளை ரஷ்யப் பட்டத்து இளவரசனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே, 1865-இல், அவன் நோயில் இறந்துபோனான். பார்த்தார்கள், 1866-இல் அவனுடைய தம்பிக்குக் கட்டிவைத்தார்கள். அந்தத் தம்பிதான் மூன்றாம் அலெக்ஸாண்டர். ஆக, இங்கிலாந்தின் வருங்கால ராஜாவும் ரஷ்யாவின் வருங்கால ஜாரும் சகலைகள். மத்திய ஆசியாவிலும் ஆப்கானிஸ்தான் எல்லையிலும் இவர் படைக்கும் அவர் படைக்கும் எந்நேரமும் மோதல் வரலாம் என்று உலகமே பதறிக்கொண்டிருந்தபோது, அக்காவும் தங்கையும் 1873-இல் லண்டனில் ஒரே மாதிரி கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு ஜோடியாக ஊர் சுற்றினார்கள்.

மாமனார் வீட்டு விடுமுறை என்றால் அது ஃபிரெடென்ஸ்போர்க். கோபன்ஹேகனுக்கு வடக்கே, ஏரிக்கரையில் கிறிஸ்டியனின் கோடை அரண்மனை. லண்டன், பீட்டர்ஸ்பர்க், ஏதென்ஸ் என்று எங்கெங்கோ போய் விழுந்த பிள்ளைகள் எல்லாம் தங்கள் பிள்ளைகளோடு வந்து சேருவார்கள். டேனிஷ், இங்கிலீஷ், ரஷ்யன், ஜெர்மன், பிரெஞ்சு எல்லாம் ஒரே வராந்தாவில் கத்தும். அந்த வீட்டு ஜன்னல் கண்ணாடிகளை இன்றைக்கும் காட்டுகிறார்கள்: வந்தவர்கள் வைர மோதிரத்தால் தங்கள் பெயரைக் கீறிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் மலைக்கோட்டைப் பாறையில் பெயர் எழுதுகிறவனைப் பிடித்துத் திட்டுகிறோம். அவனிடம் வைரம் இல்லாததுதான் குற்றம்.

இந்த வீட்டில் மனம் விட்டுச் சிரித்தவர் ஜார் அலெக்ஸாண்டர். ஆறடிக்கு மேல் உயரம், கரடி உடம்பு. இரும்புக் கம்பியைக் கையாலேயே வளைப்பார், வெள்ளி முள்கரண்டியை முறுக்குவார். 1881-இல் அப்பா குண்டுவீச்சில் செத்ததிலிருந்து சொந்த நாட்டில் அவர் காவலுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர். டென்மார்க்குக்கு வந்தால் போதும், காலில் சேறு பூச, மச்சினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தவளைக்குஞ்சு பிடிக்கக் கிளம்பிவிடுவார். ஒருமுறை மரியாதைக்குப் பார்க்க வந்த ஸ்வீடன் ராஜாவின் மேல் தோட்டத்துக் குழாயைத் திருப்பிவிட்டார் என்றும் சொல்கிறார்கள். மாமனார் வீட்டிலேயே ரொம்ப நாள் உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்திலேயே ஒரு சாதாரண வீட்டை விலைக்கு வாங்கிப்போட்டார். லீவு முடிந்து கிளம்பும்போது, நீங்கள் எல்லாம் வீட்டுக்குப் போகிறீர்கள், நான் என் ஜெயிலுக்குத் திரும்புகிறேன் என்கிற மாதிரி பிள்ளைகளிடம் சொல்வாராம்.

இன்னொரு சகலை பெர்ட்டிக்கு அந்த இடமே பிடிக்காது. அவருக்குப் பாரிஸ் வேண்டும், குதிரைப் பந்தயம் வேண்டும், பெரிய தொகைக்குச் சீட்டு வேண்டும், அழகான பெண்கள் நாலு பேர் எதிரில் வேண்டும். இங்கே மாலையிலேயே சாப்பாட்டை முடித்துவிட்டு மாமியாரோடு சில்லறைக் காசுக்குச் சீட்டாட வேண்டும். மாமனார் வீட்டில் மூன்றாம் நாள் மாப்பிள்ளை முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள லவுரிட்ஸ் டுக்ஸன் வரைந்த பெரிய குடும்பப் படத்தைப் பார்க்கலாம். 1886-இல் முடித்த படம். முப்பது பேருக்கு மேல் ஒரே அறையில். பிள்ளைகள் உருளுகிறார்கள், பெண்கள் பேசுகிறார்கள். மாப்பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு பொது மதம் இருந்தது: பிரஷ்யாவைத் திட்டுவது. கிறிஸ்டியனின் கடைசி மகள் தைராவின் வீட்டுக்காரரும் அதில் சேர்த்தி. அவர் அப்பாவின் ஹனோவர் ராஜ்யத்தை 1866-இல் பிரஷ்யா முழுசாக விழுங்கியிருந்தது. வில்லிக்கு அந்த வராந்தாவில் இடமில்லை. பெர்லினில் சான்சலர் பிஸ்மார்க் இந்தக் குடும்ப விருந்தைச் சதியாலோசனை மாதிரியே பார்த்தார். வருஷா வருஷம் அங்கே என்ன சதி நடந்தது என்று அவருக்கு யாராவது எழுதி அனுப்பியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்: ஜார் தவளைக்குஞ்சு பிடித்தார், பெர்ட்டி கொட்டாவி விட்டார்.

பாட்டி விக்டோரியாவின் வீடுகளில் இந்தச் சிரிப்பு கிடையாது. ஆல்பர்ட் போனதிலிருந்து கறுப்பு உடுப்பு; அதைக் கடைசிவரை அவர் மாற்றவே இல்லை. ஸ்காட்லாந்தில் பால்மோரல் கோட்டை, வைட் தீவில் ஆஸ்போர்ன் மாளிகை. இரண்டிலும் பாட்டியின் சட்டம். கணப்பில் தீ மூட்டுவது அவருக்குப் பிடிக்காது, ஜன்னல் திறந்திருக்கவேண்டும். பிரதம மந்திரி சாலிஸ்பரி பால்மோரலுக்குப் போவதற்கு முன்னால், ஐயாவின் அறையில் குறைந்தது 60 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய செயலாளர் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. நம் கணக்கில் அது 16 டிகிரிக்கும் கீழே, அதுவே சலுகை. புகை பிடிக்கக்கூடாது. ஜெர்மன் தூதர் ஒருவர் ராத்திரி அறைக்கதவைச் சாத்திவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து, புகைபோக்கிக்குள் தலையை நீட்டி ஊதிக்கொண்டிருந்தாராம்.

சாப்பாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். பாட்டிக்குத்தான் முதலில் பரிமாறுவார்கள். அவர் வேகமாகச் சாப்பிடுவார், நிறையவும் சாப்பிடுவார். அவர் கரண்டியைக் கீழே வைத்த நொடியில் மேசையில் இருக்கும் அத்தனை பேர் தட்டையும் பணியாட்கள் எடுத்துவிடுவார்கள். அதுதான் முறை. கடைக்கோடியில் உட்கார்ந்தவருக்கு அப்போதுதான் பரிமாறியே முடித்திருப்பார்கள். ஒருமுறை ஹார்ட்டிங்டன் பிரபு ஆட்டுக்கறியில் முதல் வாயை வைக்கப் போனபோது தட்டு பறந்தது. மனிதர் மகாராணி இருப்பதையும் மறந்து, கொண்டா அதை இங்கே என்று பணியாளைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டார். மேசை உறைந்துபோனது. பாட்டி சிரித்தார், அதனால் பிரபு பிழைத்தார். பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்ததும் பாதிச் சாப்பாட்டில் கூச்சப்பட்டு எழுந்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

1887-க்குப் பிறகு அந்த மேசைக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய இந்தியர்கள் நின்றார்கள். தினமும் குழம்பு வைத்தார்கள். விருந்தாளி சாப்பிட்டாரோ இல்லையோ, சமையல் நடந்தது. ஆக்ராவிலிருந்து போன அப்துல் கரீம் பாட்டிக்கு இந்துஸ்தானி சொல்லிக்கொடுக்கும் முன்ஷியாக உயர்ந்தார். பிள்ளைகளுக்கும் அரண்மனை அதிகாரிகளுக்கும் வயிறு எரிந்தது. 1897-இல் பாட்டி பிரான்சுக்கு விடுமுறை போகும்போது முன்ஷியும் வந்தால் நாங்கள் வேலையை விட்டுவிடுவோம் என்று அதிகாரிகள் கொடி பிடித்தார்கள். முன்ஷி போனார். அதிகாரிகளும் போனார்கள். 1901-இல் பாட்டி செத்ததும் மகன் பெர்ட்டி செய்த முதல் காரியங்களில் ஒன்று, அவர் முன்ஷிக்கு எழுதிய கடிதங்களைப் பிடுங்கிக் கொளுத்தியது. ஆயிரம் கடிதம் எழுதும் அம்மா எல்லாப் பிள்ளைகளுக்கும் பயம்தான்.

1896 செப்டம்பரில் பால்மோரலுக்குப் பேத்தி மாப்பிள்ளை வந்தார். புது ஜார் இரண்டாம் நிக்கோலஸ். டாக்மரின் மகன் நிக்கி கட்டிக்கொண்டது விக்டோரியாவின் செல்லப் பேத்தி அலிக்ஸை. அலிக்ஸைச் சொந்த மாமன் மகனுக்கே, அதாவது பெர்ட்டியின் மூத்த பையனுக்கே, முடித்துவிடப் பாட்டி தலைகீழாக நின்று பார்த்திருந்தார். முறைப்பையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் ரஷ்யாவுக்குப் போனவள். இப்போது கைக்குழந்தையோடு வருகிறாள். ஸ்காட்லாந்தில் விடாத மழை. பெர்ட்டி பெரியப்பா, சகலை மகனை மகிழ்விக்கிறேன் பேர்வழி என்று தினமும் காலையில் மான் வேட்டைக்கு மலையேற்றிக் கொண்டுபோனார். உலகத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்துக்குச் சொந்தக்காரர் கொட்டும் மழையில் பல்வலியோடு, வீங்கிய கன்னத்தோடு நாள் முழுக்க நின்றார். ஒரு மான்கூட விழவில்லை. பெரியப்பா குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்பிப் போன பிறகுதான் நிம்மதி என்று அம்மாவுக்கு எழுதினார். கிளம்பும் நாளில், அக்டோபர் 3 அன்று, புதிதாக வந்திருந்த சினிமாப் பெட்டியை வைத்து எல்லாரையும் படம் பிடித்தார்கள். விக்டோரியா மகாராணி சினிமாவில் பதிவானது அதுதான் முதல் தடவை. வண்டியில் பாட்டி, பக்கத்தில் நடந்து போகும் ஜார், குறுக்கே ஓடும் நாய்கள்.

இனி வில்லி. அவர் அப்பா பிரெடெரிக் 1888-இல் பட்டத்துக்கு வந்து, தொண்டைப் புற்றுநோயில் 99 நாளில் இறந்தார். உயிர் போன உடனே வில்லி செய்த காரியம், அம்மாவின் அரண்மனையைப் படையை விட்டு வளைத்துக்கொண்டு கடிதங்களைத் தேடியது. விக்கி அந்தக் குடும்பத்துப் பெண் அல்லவா? முக்கியமானதை எல்லாம் அவள் முன்கூட்டியே இங்கிலாந்துக்குக் கடத்திவிட்டிருந்தாள். அதே வருஷம் இலையுதிர்காலத்தில் வியன்னாவுக்குப் போன வில்லி, நான் வரும்போது வேறு எந்த ராஜகுடும்பத்தாரும் ஊரில் இருக்கக்கூடாது என்றார். ஏற்கெனவே அங்கே விருந்தாளியாக இருந்தவர் தாய்மாமன் பெர்ட்டி. மாமன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ருமேனியாவுக்குப் போனார். அவர் என்னைச் சக்கரவர்த்தியாக நடத்துவதில்லை, அக்கா மகனாக நடத்துகிறார் என்பது வில்லியின் புகார். கேட்ட பாட்டி கொதித்துப்போனார். வீட்டுக்குள்ளேயும் சக்கரவர்த்தி என்றால் அப்புறம் வீடு எதற்கு?

ஆனாலும் பேரன். 1889-இல் பாட்டி அவரை ஆஸ்போர்னுக்கு அழைத்து, பிரிட்டிஷ் கடற்படையின் கௌரவ அட்மிரல் பட்டத்தைக் கொடுத்தார். பொம்மை கொடுத்தால் பிள்ளை அடங்கும் என்று நினைத்தார். நெல்சன் போட்ட உடுப்பை நானும் போடுகிறேன் என்று வில்லி பூரித்துப்போனார். பிரிட்டிஷ் தூதர் வந்தால் அந்த உடுப்பில் நின்று வரவேற்றார். அதோடு நில்லாமல் பாட்டியின் கடற்படையை எப்படி நடத்துவது என்று பாட்டியின் அதிகாரிகளுக்கே யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

அதிலிருந்து 1895 வரை வருஷம் தவறாமல் கோடையில் வில்லி பாட்டி வீட்டில் ஆஜர். பக்கத்தில் கௌஸ் என்ற ஊரில் பாய்மரப் படகுப் போட்டி. அது பெர்ட்டியின் ராஜ்யம். அம்மா எந்த வேலையும் கொடுக்காத மகனுக்கு இருந்த ஒரே சந்தோஷம். வில்லி போர்க்கப்பல்களோடு வந்தார். பீரங்கி மரியாதைச் சத்தத்தில் ஊர் அதிர்ந்தது. படகு ஒன்றை வாங்கி மீட்டியோர் என்று பெயர் வைத்தார். ஜெயித்தால் தம்பட்டம், தோற்றால் போட்டி விதிகள் தப்பு. மாமனைவிட மருமகனுக்கு 17 வயது குறைச்சல். 1891-இல் மாமன் ஒரு சீட்டாட்ட வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏற நேர்ந்தபோது, பிரஷ்யப் படையில் கௌரவக் கர்னலாக இருக்கும் ஒருவர் இப்படி நடந்துகொள்ளலாமா என்று வில்லி புத்திமதிக் கடிதம் எழுதினார். கௌஸ் எனக்கு இனிமையான விடுமுறையாக இருந்தது, இவன் வந்து தலைமை ஏற்றதிலிருந்து தொல்லையாகிவிட்டது என்று பெர்ட்டி புலம்பித் தள்ளினார்.

1893-இல் ஒரு மாலை. மாமனும் மருமகனும் தங்கள் படகுகளில் போட்டி போட்டுக்கொண்டு தீவைச் சுற்றி வருகிறார்கள். காற்று செத்துவிட்டது. பாட்டியின் விருந்துக்கு நேரம் நெருங்குகிறது. போட்டியை விட்டுவிட்டு ரயிலில் திரும்பிவிடலாம் என்றார் மாமன். முடித்தே தீருவேன் என்றார் மருமகன். இருவரும் கரையேறியபோது இரவு ஒன்பது மணி ஆகியிருந்தது. வில்லி நேராக உள்ளே போய்ப் பாட்டியின் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார். பெர்ட்டியால் முடியவில்லை. 51 வயது, பேத்தி எடுத்தவர், உலகத்தின் மிகப் பெரிய சாம்ராஜ்யத்துக்கு வாரிசு. ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வியர்வையைத் துடைத்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வெளியே வந்து அம்மாவுக்கு வணக்கம் வைத்தார். அம்மா விறைப்பாகத் தலையை ஆட்டினார். மகன் திரும்பவும் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அந்த விருந்தில் இருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவர் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பெரிய ராஜதந்திர ஆவணங்கள் நூறு படித்தாலும் இந்தத் தூண் சொல்லும் சேதி கிடைக்காது.

1901 ஜனவரியில் பாட்டி படுத்த படுக்கையானபோது வில்லி கூப்பிடாமலே ஓடி வந்தார். சித்திமார்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் பாட்டியைத் தன் ஒரே நல்ல கையால் தாங்கிப் பிடித்தபடி இரண்டரை மணி நேரம் அசையாமல் இருந்தார். அந்தக் கையில்தான் உயிர் போனது. மாமன் பெர்ட்டிகூட அன்றைக்கு நெகிழ்ந்தார். இந்த ஒரு நாளை மட்டும் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதமே பழையபடி. நோயில் கிடந்த அக்கா விக்கியைப் பார்க்க ராஜா எட்வர்டு ஜெர்மனிக்குப் போனார். கூடப் போன செயலாளர் பொன்சன்பி விக்கிக்கு ஞானப்பிள்ளை. என் கடிதங்களை எல்லாம் எடுத்துப் போய்விடு, வில்லிக்குத் தெரியக்கூடாது என்றாள் விக்கி. ஏதோ சின்னப் பொட்டலம் என்று நினைத்துப் பொன்சன்பி தலையாட்டினார். நள்ளிரவுக்குப் பிறகு கதவு தட்டப்பட்டது. நாலு ஆட்கள் இரண்டு பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். அவர் அசரவில்லை. ஒன்றின் மேல் ‘புத்தகம், கவனம்’, இன்னொன்றின் மேல் ‘பீங்கான், கவனம்’ என்று எழுதி ஒட்டினார். கைசரின் காவலர்கள் முன்னாலேயே பெட்டிகள் வண்டியேறின. ஆகஸ்டில் விக்கி இறந்ததும் வில்லி தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. 1928-இல் பொன்சன்பி அவற்றைப் புத்தகமாகவே போட்டார். தடுக்கப் பார்த்துத் தோற்ற வில்லி, ஜெர்மன் பதிப்புக்கு முன்னுரை எழுதினார்.

பெர்ட்டி தன் சாண்ட்ரிங்ஹாம் வீட்டில் கடிகாரங்களை எல்லாம் அரை மணி முன்னால் ஓடவிட்டிருந்தார். வந்த விருந்தாளியைத் தராசில் உட்கார வைத்து எடை பார்ப்பார். கிளம்பும்போது மறுபடியும் பார்ப்பார். எடை கூடியிருந்தால்தான் உபசாரம் சரி. 1902 நவம்பரில் வில்லி வந்தார். மாமன் ஆசையாகத் தன் புது மோட்டார் வண்டியைக் காட்டினார். இது பெட்ரோலில் ஓடுகிறதா, உருளைக்கிழங்குச் சாராயத்தில் ஓடவேண்டும் என்றார் வில்லி. மாமன் சும்மா தலையாட்டியிருப்பார். சில நாளில் மேசை நிறையச் சீசாக்களைப் பரப்பி வைத்து வில்லி பாடம் நடத்தினார். சாமான்களை ஜெர்மனியிலிருந்து வரவழைத்திருந்தார். அவர் கப்பல் ஏறியதும் எட்வர்டு கடவுளுக்கு நன்றி சொன்னதாகக் கேள்வி. கிளம்பும்போது வில்லியின் எடை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்குத்தான் ஆசை.

கடைசிக் குடும்ப விழா 1913 மே மாதம், பெர்லின். பெண் வில்லியின் ஒரே மகள். மாப்பிள்ளை, ஃபிரெடென்ஸ்போர்க் வராந்தாவில் பிரஷ்யாவைத் திட்டிக்கொண்டிருந்த தைராவின் மகன். 47 வருஷப் பகையைக் கல்யாணத்தால் முடித்தார்கள். ஆல்பர்ட் இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார். பெர்ட்டியின் மகன் ஐந்தாம் ஜார்ஜ் வந்தார், நிக்கி வந்தார். அக்கா தங்கை பிள்ளைகளான இவர்கள் இருவரும் இரட்டையர் போல அச்சு அசல். 1893-இல் ஜார்ஜின் கல்யாணத்திலேயே ஆளை மாற்றிக் கைகுலுக்கியவர்கள் உண்டு. பெர்லினில் இருவரும் தனியாக நாலு வார்த்தை பேச முடியவில்லை. சாவித் துவாரத்தில் வில்லியின் காது இருக்கிறது என்று ஜார்ஜுக்குச் சந்தேகம்.

அடுத்த கோடையில் போர். வில்லிக்கு நிக்கி சித்தி மகளின் வீட்டுக்காரர், அதாவது தங்கை மாப்பிள்ளை. ஜூலை 29-இலிருந்து ஆகஸ்ட் 1 வரை இருவரும் தந்தி அடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில், வில்லி, நிக்கி என்று கையெழுத்துப் போட்டு, நீ படையை நிறுத்து, நீ முதலில் நிறுத்து என்று. படைகளின் ரயில் அட்டவணை தளபதிகளின் கையில் இருந்தது. மச்சான்கள் தந்தி ஆபீஸுக்குத்தான் வருமானம் கொடுத்தார்கள். 1917-இல் ஜார்ஜ் தன் குடும்பத்தின் ஜெர்மன் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு விண்ட்சர் என்று வைத்துக்கொண்டார். அதே வருஷம் பதவி போன நிக்கிக்கு அடைக்கலம் கொடுக்கும் பேச்சு வந்தபோது, தன் நாற்காலிக்குப் பயந்து வேண்டாம் என்றார். 1918 ஜூலையில் நிக்கி, அலிக்ஸ், ஐந்து பிள்ளைகள் அத்தனை பேரையும் சுட்டுக் கொன்றார்கள். நவம்பரில் வில்லி ஹாலந்துக்கு ஓடினார். அடைக்கலம் கொடுத்த பிரபுவின் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டது ஒரு கோப்பை நல்ல இங்கிலீஷ் டீ.

டாக்மர் பிழைத்துக்கொண்டாள். 1919 ஏப்ரலில் அக்கா மகன் ஜார்ஜ் அனுப்பிய போர்க்கப்பலில் கிரிமியாவை விட்டு ஏறி, லண்டனில் அக்காவோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு, பிறந்த வீடான டென்மார்க்குக்கே வந்து சேர்ந்தாள். அங்கே இப்போது அண்ணன் மகன் பத்தாம் கிறிஸ்டியன் ராஜா. பைசாவுக்குக் கணக்குப் பார்ப்பவர். அரண்மனையில் அத்தைக்கு ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்தார். மாதக் கடைசியில் கரண்டு பில்லைப் பார்த்து அரண்டுபோனார். ஒரு நாள் ராத்திரி பணியாளை அனுப்பி, விளக்குகளைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்கள் என்றார். அத்தை அந்தப் பணியாளை நிற்க வைத்துக்கொண்டே தன் ஆளைக் கூப்பிட்டு, நிலவறையிலிருந்து மச்சு வரைக்கும் ஒரு விளக்கு பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் போடச் சொன்னாள். பிறகு ஜார்ஜ் லண்டனிலிருந்து சித்திக்கு வருஷத்துக்கு 10,000 பவுண்டு அனுப்ப ஆரம்பித்தார். 1928-இல் இறக்கும்வரை அவள் செலவைக் குறைத்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.